மருந்து என்றொரு சொல்

ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று உட்கார்ந்த பிறகுதான் வெயில் இந்தப் பக்கம் என்பது வடிவாம்பாளுக்கு உறைத்தது. எழுந்து மாறலாம் என்றால் அதற்குள் எதிர்ச்சீட்டில் ஒரு தாயும் பிள்ளையும் மூன்று கட்டைப்பைகளும் நிறைந்துவிட்டன. இருக்கட்டும். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மணி மூன்றாகப் பத்து நிமிஷம். தூத்துக்குடியிலிருந்து முள்ளக்காடு அரை மணி, கூடிப்போனால் முக்கால் மணி. அதற்குள் ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஐம்பத்தாறு வயதில், இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன பிறகு, ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு பஸ்ஸில் போகிறோமே என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "கவுன்சிலரா? எந்த வார்டும்மா?" பன்னிரண்டு வருஷமாக இதே கேள்வி. "வார்டு இல்லீங்க. ஆஸ்பத்திரியில. நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்ற வேலை." "அப்ப டாக்டர் என்ன செய்வாரு?" "டாக்டர் சொல்றதத்தான் நான் சொல்லுவேன்." கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். "தமிழ்லேர்ந்து தமிழுக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் முன்னால் போய்விட்டார். தமிழிலிருந்து தமிழுக்கு. அப்படித்தான். டாக்டர் ஷெரின் ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிப்பதை அவள் இருபது நிமிஷம் உட்கார்ந்து சொல்வாள். எல்லாவற்றுக்கும் ஒரு 'மாதிரி' வைத்திருந்தாள். ரத்தக்குழாய் வாய்க்கால் மாதிரி, நுரையீரல் பஞ்சு மாதிரி, நிணநீர் முடிச்சு போலீஸ் செக்போஸ்ட் மாதிரி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு இறுக்கம் தளரும், ஆங், அப்படியா என்று தலை ஆடும். அந்தத் தலையாட்டலுக்குத்தான் சம்பளம் என்று நினைத்திருந்தாள். இன்று காலை பதினோரு மணி வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு ஐகோர்ட்ராஜா போனை எடுத்தான். அந்தப் பெயரை முதன்முதலில் பதிவேட்டில் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. 'குலசாமி பேரு அக்கா' என்று அவன் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது; நியாயம் கேட்க யாரிடம் போவது என்று தெரியாத சனம் தன் சாமிக்குத் தனக்குத் தெரிந்த ஆகப் பெரிய கோர்ட்டின் பெயரை வைத்திருக்கிறது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது. அவன் மனைவி செல்லக்கனி. நாற்பத்திரண்டு வயது, உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை, இடது மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. ஊசி மருந்தை நாலு தடவை ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் என்று டாக்டர் ஷெரின் முடிவு பண்ணித் தேதியும் குறித்தாயிற்று. தேதியன்று செல்லக்கனி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது. "இதுக்கு மேல தள்ளுனா கஷ்டம் மேடம். எப்படியாவது கூட்டிட்டு வாங்க," என்று ஷெரின் நேற்றுச் சொன்னாள். பஸ்டாண்டில் தொலைந்த பிள்ளையைக் கூட்டி வரச் சொல்கிறதுபோலச் சொன்னாள், பாவம், சின்னப்பெண், அவளுக்கும் தூக்கமில்லை. ஐகோர்ட்ராஜா போனில் மூச்சு வாங்கப் பேசினான், ஏதோ மூட்டை தூக்குகிற இடத்திலிருந்து. "அக்கா, அவ வரமாட்டேங்கா. சண்ட போட்டும் பாத்துட்டேன், கும்பிட்டும் பாத்துட்டேன். நீங்க குடுத்த நோட்டீச அடுப்புல போட்டுட்டா." "ஏன், அதுல என்ன இருக்கு?" "அவ தங்கச்சி மருந்து குடிச்சுச் செத்தவக்கா. பருத்திக்கு அடிக்கிற மருந்து. இவதான் மொதல்ல போய்ப் பாத்தவ. நீங்க குடுத்த நோட்டீசுல அதே மாதிரி டப்பாவப் படம் போட்டிருக்கு."

படம் போட்டிருந்தது. வடிவாம்பாள்தான் போடச் சொன்னாள். ஆறு வருஷம் முன்னால், ஓவியம் வரைகிற ஒரு பையனைக் கெஞ்சி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வரைய வைத்தாள். முதுகில் தெளிப்பான் மாட்டிய ஒரு விவசாயி, காலடியில் ஒரு டப்பா, முன்னால் பச்சை வயல், நடுவே நடுவே கறுப்பாகக் களை. கீழே அவள் எழுதிய வாசகம்: நம் உடம்பு ஒரு வயல், அதில் களை முளைத்திருக்கிறது, மருந்து அடித்தால் களை சாகும், பயிரும் கொஞ்சம் வாடும், பிறகு தழைத்துவிடும். எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பாள். இரண்டாயிரம் இருக்குமா. மூன்றாயிரமா. சென்னையிலிருந்து வந்த பெரிய டாக்டர் ஒருவர்கூட வாங்கிப் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றார். அந்த இரண்டாயிரத்தில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் எதைக் குடித்துச் செத்தார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும். தெரியாதா. இந்தப் பக்கத்து ஊர்களில் பிறந்து வளர்ந்தவளுக்கா தெரியாது. 'மருந்தக் குடிச்சிட்டா' என்று தெருவில் ஒருத்தர் சொன்னால் காய்ச்சலுக்குக் குடித்தாள் என்று இந்த ஜில்லாவில் யாராவது நினைப்பார்களா. ஒரே சொல். பிழைக்க வைப்பதும் அதுதான், சாகடிப்பதும் அதுதான். எது எந்த மருந்து என்று சொல்லும் விதத்தில் இருக்கிறது, சொல்கிறவர் முகத்தில் இருக்கிறது. அவள் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தாள். செல்லக்கனி நோட்டீசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. உப்பு அரித்து வெடித்த விரல்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பயிரு எத்தன நாளுக்கா வாடிக் கெடக்கும்?" வடிவாம்பாளுக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, சொன்ன உவமைக்குள்ளேயே புகுந்து கேள்வி கேட்கிறாளே, நன்றாகப் பிடித்துக்கொண்டாளே என்று. "மூணு நாளு. அதுக்கப்புறம் எந்திரிச்சிரும்," என்றாள். செல்லக்கனி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எண்ணித்தான் மத்தியானமே அவளைத் தேடிப் புறப்பட்டுவிட்டாள்.

சரி, வேறு எப்படிச் சொல்வது. வயல் வேண்டாம், களை வேண்டாம், போர் வேண்டாம், அதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் "நம்ம பக்கம் எத்தன பேரும்மா சாவாங்க" என்று கேட்டதிலிருந்து அதை விட்டாகிவிட்டது. எந்த மாதிரியும் இல்லாமல், உள்ளது உள்ளபடி. உங்களுக்குப் புற்று இருக்கிறது. பஸ் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று புகையைக் குடித்தது. புற்று. புற்று என்றால் என்ன, கறையான் கட்டுகிற மண்மேடு, உள்ளே பாம்பு இருக்கும். இந்த நோய்க்கு அந்தப் பெயரை வைத்தவன் அதைத்தான் நினைத்து வைத்தான்: உள்ளே அரித்துக்கொண்டே வெளியே மேடு கட்டுகிறது. கயத்தாறு பக்கத்து அம்மாள் ஒருத்தி மருமகளுக்குப் புற்று என்று கேட்டதும் ஒன்பது வாரம் ஊர்ப் புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு அப்புறம்தான் கூட்டி வந்தாள். எல்லோரும் அவளைத் திட்டினார்கள். அவள் செய்ததில் என்ன தப்பு, பெயர் காட்டிய வழியில்தானே நடந்தாள். சரி, புற்று வேண்டாம், கேன்சர். கேன்சர் என்றால் சாவு, அதற்கு இந்த ஊரில் வேறு அர்த்தமே இல்லை. கட்டி என்று சொல்லலாம். கட்டி பழுக்கும், உடையும், ஆறும் என்று நினைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். செல் என்றால் போனா என்று கேட்கிறார்கள். பரவுகிறது என்கிறோம், தீ பரவும், வதந்தி பரவும். முத்திப்போச்சு என்கிறோம், முருங்கைக்காய் முத்தும். மூன்றாம் கட்டம் என்கிறோம், ஏதோ படி ஏறிப் போகிறதுபோல, ஏறினவர் இறங்கி வரலாம்போல. எலுமிச்சம்பழம் அளவு என்று காலையிலிருந்து அவளே எத்தனை தடவை நினைத்துவிட்டாள், உடம்புக்குள் பழம் எங்கிருந்து வந்தது. எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது. உடுப்பைக் கழற்றினால் உள்ளே இன்னொரு உடுப்பு. இதோ, இதுவும் ஒரு 'மாதிரி'தான். ஒன்று இல்லாமல் நினைக்கவே முடியவில்லையே. தலை பாரமாக இருக்கிறது என்று நினைத்தாள், அதுவும்தான், பாரம் யார் ஏற்றியது. கண்ணை மூடினாள். இமைக்குள் வெயில் சிவப்பாக நின்றது. சிவப்பு என்று மட்டும் நினைத்தாள், எதையும் போல் இல்லாத சிவப்பு, ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது.

அந்த நிமிஷத்தில் நம்பிராஜன் வந்தான். அவனுக்கு எப்போதும் இப்படித்தான், அவள் எதையும் நினைக்காமல் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவான். அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக், கணவன், போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. வயிற்றுவலி என்று போனதில் கணையத்தில் என்று தெரிந்தது. கணையத்தில் என்றால் பெரும்பாலும் கை மிஞ்சித்தான் தெரியவரும். ஸ்கேன் முடிவை முதலில் பார்த்தவள் அவள்தான், பார்க்கத் தெரிந்தவளும் அவள்தான். வீட்டுக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கட்டிலில் சாய்ந்துகொண்டு, வேலையாள் ஒருவனிடம் வண்டியைப் பற்றி விசாரிக்கிற அதே குரலில் கேட்டான், "சொல்லு. இஞ்சினா, டயரா?" அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். அந்த மூச்சு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "டயர்தான்," என்றாள். பொய் சொன்னோம் என்று அப்போது தோன்றவில்லை, அதுதான் விசேஷம். பொய் என்றால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் அவனுடைய பாஷையில் ஒரு பாகத்தின் பெயரைத்தான் சொன்னாள். மீதியை அவனே பார்த்துக்கொண்டான். டயர் என்றால் மாற்றலாம், மாற்றுகிற வரைக்கும் வண்டியை ஓரம் கட்டலாம், அவசரமில்லை. நாலு மாசம் அவன் அந்த டயரை வைத்துக்கொண்டுதான் யோசித்தான். தம்பி நெல்லையப்பனோடு பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, ஏதோ ஒரு கல்யாண வீட்டில் ஏதோ ஒரு வார்த்தை. "சரியாகி எந்திரிச்சதும் நானே போய்ப் பாக்கேன். படுத்துக்கிட்டுக் கூப்பிட்டா பாவம்னு வருவான், அது வேண்டாம்," என்றான். தை பிறக்கட்டும் என்றான். அவள் சரி என்றாள். கார்த்திகையில் போய்விட்டான். நெல்லையப்பன் வந்தான், வாசலுக்கு உள்ளே வராமல் செருப்பும் கழற்றாமல் நின்றான். "மதினி, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்த." அவ்வளவுதான் சொன்னான், அதற்கப்புறம் இந்த எட்டு வருஷத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கேட்ட ஒரு வார்த்தை, இஞ்சின். மூன்று எழுத்தா நாலு எழுத்தா. அதைச் சொல்லியிருந்தால் நம்பிராஜன் என்ன செய்திருப்பான், அன்றைக்கே தம்பி வீட்டுக்கு ஆட்டோ பிடித்திருப்பானா, இல்லை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து ஒரு மாசத்தில் போயிருப்பானா. இதை எத்தனை தடவை சுற்றியாயிற்று. செக்குமாடு என்று நினைக்கப் போனாள், நினைக்காமல் விட்டாள்.

முத்தையாபுரம் தாண்டியதும் கட்டிடங்கள் ஒதுங்கி உப்பளம் ஆரம்பித்தது. கண்ணுக்கு எட்டியவரை பாத்தி பாத்தியாக வெளுப்பு, அம்பாரமாகக் கொட்டி ஓலை போட்டு மூடிய உப்பு, ஒரு மனுஷர் இல்லை. காலை வெயிலுக்கு முன்பே வந்து மத்தியானத்துக்குள் போய்விடுவார்கள். ஜன்னல் காற்றில் உதடு கரித்தது. அப்போதுதான் அது வந்தது, தேடிக்கொண்டிருந்தது. முன்பு ஒரு நோயாளி சொல்லியிருக்கிறார்: பாத்தியில் உப்பு விளைந்த பிறகு கடைசியில் ஒரு கசப்புத் தண்ணீர் நிற்கும், அதை வடித்துவிடாவிட்டால் விளைந்த உப்பும் கசந்துபோகும். வடித்துவிடுவது! களை இல்லை, கொல்வது இல்லை, டப்பா இல்லை. செல்லக்கனி தினமும் கையால் தொடுகிற காரியம். உங்கள் உடம்பில் கசப்புத் தண்ணீர் நிற்கிறது, அதை வடிக்கத்தான் இது. முதுகு நிமிர்ந்தது. பன்னிரண்டு வருஷ வேலைக்காரி சும்மாவா. மனசுக்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், குரலை எங்கே இறக்குவது, எங்கே சிரிப்பது என்று. சிரிப்பது என்ற இடத்தில் உடம்பு ஒரு தடவை கூசியது. இதற்கு அடியில் என்ன கிடக்கிறதோ. ஆனால் பஸ் நின்றுவிட்டது, கண்டக்டர் "முள்ளக்காடு, வார்டும்மா எறங்குங்க," என்று கூப்பிட்டார், பின்னால் கட்டைப்பைக்காரி இடித்தாள், முழங்கால் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக முனகியது. யோசிக்க இடமில்லை.

செல்லக்கனி வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சாலையிலிருந்து இறங்கி, ஒரு டீக்கடையில் கேட்டு, உடைமரங்களுக்கு நடுவே போன மண்பாதையில் பத்து நிமிஷம் நடந்தாள். வரிசையாக ஏழெட்டு வீடுகள், கடைசி வீடு. வாசலில் மரநிழலில் குத்தவைத்து செல்லக்கனி சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. யாராவது ஒருநாள் வருவார்கள் என்று தெரிந்திருந்தவள் முகம். "வாங்கக்கா," என்றாள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டு வந்தாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே நடந்ததை வடிவாம்பாள் பார்த்தாள். தண்ணீர் லேசாகக் கரித்தது. செல்லக்கனி மறுபடியும் குத்தவைத்து மீனை எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் வேலைக்குப் போறியா?"

"போறேன். போகாம இருந்தா அதையேல்லா நெனச்சிட்டு இருக்கணும்."

இதுதான் சமயம். வடிவாம்பாள் செம்பைக் கீழே வைத்தாள். குரலை இறக்கினாள். "செல்லக்கனி, உப்பளத்துல உப்பு வெளஞ்ச பெறகு கடைசியா ஒரு கசப்புத் தண்ணி நிக்கும்லா."

"நிக்கும்."

"அத வடிய விடலன்னா..."

செல்லக்கனி கத்தியைத் தட்டில் வைத்தாள். "அக்கா. உப்பப் பத்தி எனக்கு நீங்க சொல்லாதீங்க. இருவத்தஞ்சு வருசமா வாருதேன். அது வேற, இது வேற. அன்னைக்கி வயலுன்னிய. இன்னைக்கி உப்பளங்கிய. நான் வயலும் இல்ல, பாத்தியும் இல்ல. எனக்கு நெஞ்சுல கட்டி இருக்கு."

ஒரு காக்கை மீன் செதிலுக்காகப் பக்கத்தில் வந்து இறங்கித் தத்தியது. அதை விரட்ட இரண்டு பேருக்குமே கை எழவில்லை. வடிவாம்பாளுக்கு முகம் எரிந்தது, அதோடுகூட விசித்திரமாக ஒரு தளர்வும் வந்தது, நாள் முழுவதும் தூக்கி வந்த ஒன்றை யாரோ கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டுவிட்டதுபோல. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது, நாலரை மணி பஸ் கிடைக்கும். "எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல," என்றாள். அது தன்னுடைய குரல்தானா என்று ஒரு கணம் திகைத்தாள். பிறகு, "அந்தப் படத்தப் போட்டது நான்தான். உன் தங்கச்சி விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாமப் போட்டேன். மன்னிச்சிரு," என்றாள்.

செல்லக்கனி மறுபடியும் கத்தியை எடுத்தாள். "முத்துக்கனின்னு பேரு," என்றாள். "எனக்கு ரெண்டு வருசம் எளையவ. கல்யாணமாகி எட்டு மாசம். கரிசக்காட்டுலதான் குடுத்திருந்தோம், பருத்தி போட்டிருந்தாவ. ஏன் குடிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. நான் போய்ப் பாக்கேன், சிரிக்கா. ஒண்ணும் இல்லக்கா, கொஞ்சம்தான் குடிச்சேன், கசந்துது துப்பிட்டேங்கா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நல்லாத்தான் பேசிட்டு இருந்தா. மூணு நாளு கெடந்தா." நிறுத்தினாள். "நீங்களும் மூணு நாளுன்னிய. அதுக்கப்புறம் எந்திரிச்சிரும்னிய. அவளுக்கும் டாக்டரு அப்படித்தான் சொன்னாவ."

அந்த மூன்று நாளை வடிவாம்பாள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள், கடையில் உப்புப் பொட்டலம் எடுத்துக் கொடுப்பதுபோல. இந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தன் தங்கை கிடந்த கட்டிலில் தன்னைப் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறாள். தப்பாக யோசிக்கவில்லை. கொடுத்த படத்தை வைத்து ஒழுங்காக, ஒரு அடி பிசகாமல் யோசித்திருக்கிறாள். வயல், மருந்து, வாட்டம், மூன்று நாள், சாவு. வடிவாம்பாள் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் நோட்டீசை அடுப்பில்தான் போட்டிருப்பாள்.

"அங்க வந்தா என்ன செய்வாவ?" செல்லக்கனிதான் கேட்டாள். "படம் வேண்டாம். நடக்குறத மட்டும் சொல்லுங்க."

வடிவாம்பாள் சொன்னாள். தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள், ஒவ்வொரு வாக்கியத்திலும் 'மாதிரி' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போனது. காலையில் எட்டு மணிக்கு வர வேண்டும். ரத்தம் எடுப்பார்கள். கையில் ஊசி குத்துவார்கள், ஒரு தடவையில் நரம்பு கிடைக்காவிட்டால் இரண்டாம் தடவையும் குத்துவார்கள். முதலில் வாந்தி வராமல் இருக்க ஒரு ஊசி. அப்புறம் சிவப்பாக ஒன்றை ஏற்றுவார்கள், அதற்கப்புறம் வெள்ளையாக ஒன்று. ஒரு மத்தியானம் முழுக்கப் படுத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒன்றுக்குச் சிவப்பாகப் போகும், ரத்தம் இல்லை, அந்த நிறம்தான். இரண்டாம் நாள் குமட்டும், சாப்பாட்டைப் பார்த்தாலே பிடிக்காது. வாய் புண்ணாகலாம். மூன்றாம் வாரம் முடி கொட்டும், தலையணையில் கிடக்கும், பார்க்கக் கஷ்டமாக இருக்கும். உடம்பு அசதியாக இருக்கும், உப்பளத்துக்குப் போக முடியாது.

"நுரை வருமா? அவளுக்கு வந்துது."

"வராது."

"மூச்சு?"

"மூச்சு நல்லா இருக்கும். இல்லன்னா உடனே பாப்பாங்க, டாக்டர் பக்கத்துலயேதான் இருப்பா."

"பொழச்சிருவனா?"

இந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு வருஷமாக அவள் வைத்திருந்த பதில்கள் வரிசையாக வந்து நின்றன. நம்பிக்கைதான் பாதி மருந்து. மனசைத் தளர விடாதீர்கள். எல்லாம் நல்லபடியாக முடியும். ஒவ்வொன்றும் தேய்த்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்தாள். "தெரியாது," என்றாள். "உன்னப்போல வந்தவங்கள்ல பாதிக்கு மேல நல்லாயிருக்காங்க. வந்து எனக்குச் சொல்லிட்டுப் போறாங்க. சில பேர் இல்ல. நீ எதுலன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வரலன்னா என்ன ஆகும்னு தெரியும். அது மட்டும் தெரியும்."

"இப்படி யார்ட்டயாவது சொல்லியிருக்கியளா?"

"இல்ல."

செல்லக்கனி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். செதில்களை மரத்தடியில் கொட்டினாள், காக்கை இரண்டாகி மூன்றாகியது. கையைக் கழுவினாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், "அந்தப் பேரச் சொல்லாம இருப்பாவளா அங்க?" என்று கேட்டாள்.

"எந்தப் பேரு?"

"அதான். ம... அதச் சொல்லி ஏத்துறேன்னு சொன்னாவன்னா நான் எந்திரிச்சு ஓடிருவேன், சத்தியமா. நான் ஓடணும்னு நெனக்க மாட்டேன். காலு ஓடிரும்."

"வேற என்ன சொல்லச் சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். கைய நீட்டுன்னா நீட்டுதேன்."

அந்த வாரக் கடைசியில் வடிவாம்பாள் வார்டில் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னாள். நர்சுகளிடம், மாத்திரை வண்டி தள்ளுகிறவரிடம், கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம். திங்கட்கிழமை மூன்றாம் கட்டிலுக்கு வருகிற அம்மாளிடம் அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது. ஒரு நர்ஸ் பதறினாள், ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லாமல் எப்படி மேடம் என்று. கஷ்டம்தான். அவளே காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டிருந்தாள். அலமாரியில் மிச்சமிருந்த நோட்டீஸ் கட்டை எடுத்துக் கீழே வைத்தாள். கிழிக்கவா வைக்கவா என்று முடிவு பண்ண முடியவில்லை, அது எத்தனையோ பேருக்கு உதவியும் இருக்கிறது, அதுவும் நிஜம்தான். அப்படியே கிடந்தது.

செல்லக்கனி திங்கட்கிழமை ஏழரை மணிக்கே வந்துவிட்டாள். ஐகோர்ட்ராஜா மஞ்சள் பையோடு வராந்தாவில் உட்கார்ந்துகொண்டான், உள்ளே வர அவனுக்குத் தைரியமில்லை. ரத்தம் எடுத்தார்கள், காத்திருக்க வைத்தார்கள், படுக்க வைத்தார்கள். உப்பில் ஊறிய கையில் நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு தடவை குத்தினார்கள். மூன்றாம் தடவைக்கு நர்ஸ் வாயைத் திறந்தவள் சட்டென்று மூடிக்கொண்டு, "கைய நீட்டுங்கம்மா," என்றாள். செல்லக்கனி நீட்டினாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். வடிவாம்பாள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள், முழங்கால் மடக்க வலித்தது. எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று அவள் நினைத்ததில்லை. அந்தச் சிவப்பு மருந்து, குழாய் வழியாக இறங்கி, வளைந்து, மெல்லக் கையை நோக்கி வந்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டது.

செல்லக்கனி ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலர் மாதிரி இருக்குல்லா," என்றாள்.

வடிவாம்பாளுக்குப் புரியவில்லை. "என்ன கலர்?"

"குடிக்கிற கலரு. பாட்டில்ல விப்பாவல்லா, செவப்பா. கோயில் கொடைக்கு அப்பா வாங்கித் தருவாவ. ஒரு பாட்டிலுதான் வாங்க முடியும், நாங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரு."

ஆமாம் என்று சொல்லலாமா, இல்லை என்று சொல்ல வேண்டுமா. வடிவாம்பாள் இரண்டையும் விட்டுவிட்டாள். "யாரு முதல்ல குடிப்பா?" என்று கேட்டாள்.

"அவதான்," என்றாள் செல்லக்கனி. கையை அசைக்காமல், தலையை மட்டும் அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டாள். "எப்பவுமே அவதான் முதல்ல. குடிச்சிட்டு எனக்குத் தருவா."